நல்ல நாளை

பிப்ரவரி முடிய ஒரு வாரம் இருக்கையில்
வென்டெலின் மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.
மிஷ்கோல்ட்ஸ் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
அவர் கண் திறந்தபோது
மொத்த ஹங்கேரிய மொழியில் மிச்சம்
ஒரே ஒரு பெயரடை:
யோ.

நல்ல, என்று அர்த்தம்.
தேநீர் சூடா? யோ.
ஊசி வலிக்கிறதா? யோ.
நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்?
என் கோட்டுப் பொத்தான்களை எண்ணுவதுபோல்
நெடுநேரம் பார்த்துவிட்டு, யோ.
முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில்
இவ்வளவு நல்லவளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஹெட்விக்
முழங்காலில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு சொன்னாள்:
ஒரு சொல் போதும், அதை இழுத்துப் பார்க்கலாம்.
பெயருக்கு முன்னால் நின்றால் மாறாது,
நல்ல ரொட்டி, நல்ல ரொட்டிகள், இரண்டுக்கும் யோ.
பின்னால் போய் நின்றால் பன்மை வால் முளைக்கும்: யோக்.
வினையைத் தொட்டால் யோல், நன்றாக.
ஒப்பிடும்போதுதான் சிரமம்.
உயிர் குறுகும், மெய் இரட்டிக்கும்: யொப்.

யொப், இன்னும் நல்ல.
யொப், வலது.
இரண்டும் ஒரே சொல். இதை வினோதம் என்று
நாங்கள் யாரும் நினைத்ததில்லை,
அவர் படுக்கையில் விழும்வரை.
வலக்கையை, அதாவது மேலான கையை,
செவிலி தூக்கித் துடைத்து
அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பி வைப்பதுபோல்
போர்வைமேல் வைக்கிறாள்.
இருபத்தாறு வருடம் அந்தக் கைதான்
ஷொயோ ஆற்றின் அளவுகோலைப் பார்த்து
காலை ஏழு மணி சென்டிமீட்டரை நோட்டில் எழுதியது.
விபத்துக்கு எங்கள் சொல் 'இடது விழுகை'.
இப்போது சூப்பை வாய்க்குக் கொண்டுபோவது
அந்த இடதுதான். சிந்துகிறது. பரவாயில்லை.

ஆற்றின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது என்று
கல்யாணமான புதிதில் அவரே சொன்னார்.
ஷோ என்றால் உப்பு, பழங்காலத்தில் யோ என்றால் ஆறு.
அந்த யோவும் இந்த யோவும் உறவா?
வெறும் பெயர்ப் பொருத்தம், என்றார்.
வெள்ளம் வராத வருடத்தில் கேள், வேறு பதில் சொல்வேன்.

தினமும் பஸ் ஏறுமுன் ஜொம்போருக்கு ஃபோன் செய்கிறேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறு, என்கிறான்.
கட்டிலருகே வந்து அதைச் சொல்கிறேன்.
யோ.
ஒருநாள் வேண்டுமென்றே எழுநூறு என்றேன்.
யோ என்றார்தான்,
புருவம் மட்டும் ஏறியது.

ஏப்ரல் பதினொன்று, மழை.
ஹெட்விக் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்,
பக்கத்துக் கட்டிலில் ரேடியோ.
அவர் உதடுகளைச் சேர்த்தார்,
சேர்த்தபடியே வைத்திருந்தார்,
பிறகு விட்டார்: யொப்.

ஹெட்விக் கைதட்டினாள்.
எனக்குத்தான் புரியவில்லை.
உடம்பு தேவலையா? வலப்பக்கமா?
தலையணையை வலப்பக்கம் நகர்த்தினேன், அதில்லை.
வலது ஜன்னலைத் திறந்தேன்,
மழை வந்தது, அதுவும் இல்லை.
வலக்கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது,
என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன்.
யொப், என்றார் மறுபடி, எரிச்சலோடு,
நான் வேலைபார்த்த தபால் ஆபீஸ் ஜன்னலில்
முகவரியைத் திரும்பச் சொல்கிறவர்கள் மாதிரி.
எதைவிட, என்று சொல்ல எங்களிடம் ஒரு விகுதி உண்டு.
அது இன்னும் அவருக்கு வரவில்லை.

ஏழு மணிக்குப் பார்வையாளர்களை அனுப்பிவிடுவார்கள்.
வந்தாலும் போனாலும் எங்கள் ஊரில்
வாழ்த்துகிறேன் என்கிற வினையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
நல்ல இரவை, நல்ல நாளை,
என்று வேற்றுமை உருபோடு நிறுத்திக்கொள்வோம்.
கதவருகே நின்று முதல் பாதியை அவருக்கு விட்டுவைத்தேன்.
யோ, என்றார்.
இரவை, என்றேன் நான்.

லிஃப்டில் கீழே இறங்கும்போது
காலையில் சொல்லவேண்டியதை வாய்க்குள் சரிபார்த்தேன்.
முதலில் ஆற்றின் அளவு.
பிறகு அவர் யோ என்றால்
நான்,
நாளை.